கேஸ் ஷீட்டில் இல்லாத வீக்கம்

எங்க வீட்டுக்காரருக்கு வாரத்துக்கு மூணு வியாதி. திங்கக்கிழமை சர்க்கரை, புதன்கிழமை ஆஸ்துமா, வெள்ளிக்கிழமை நெஞ்சுவலி. நீங்க ஒண்ணும் உச்சுக்கொட்ட வேண்டாம், எல்லாம் நடிப்பு. நர்சிங் காலேஜ்ல படிக்கிற பிள்ளைங்க, நோயாளிகிட்ட எப்படிப் பேசணும், என்னென்ன மருந்து சாப்பிடுறாங்கன்னு எப்படிக் கேட்டு வாங்கணும்னு பழகணும் இல்லையா? நிஜ நோயாளியை வெச்சுப் பழகினா அவன் கதி என்ன ஆகுறது? அதனால யாரையாவது நோயாளியா உக்கார வெப்பாங்க. அந்த ஆள்தான் இவர். முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். இப்போ காலேஜ் பூராவும் இவர் பேரு பேஷண்ட் அங்கிள்.

ஒவ்வொரு வியாதிக்கும் ஒரு கேஸ் ஷீட் கொடுப்பாங்க. வயசு என்ன, எங்க வலி, எந்த மாத்திரை, எதைக் கேட்டா மட்டும் சொல்லணும்னு எல்லாம் அதுல இருக்கும். இவர் அதை மனப்பாடம் பண்ணி வீட்டுல ஒத்திகை பாப்பார். ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாங்க. இவர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சோபாவுல சரியறதைப் பாத்துட்டு, தெருவே கூடுற மாதிரி அலறிட்டாங்க. "இது வெள்ளிக்கிழமைக்கு, அக்கா"ன்னு சமாதானம் சொல்லி அனுப்பி வெச்சேன்.

என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு பிள்ளைங்க கேட்டா நேரா பதில் சொல்ல மாட்டார். "அதாம்மா, வெள்ளையா, சட்டை பட்டன் சைஸ்ல, நடுவுல ஒரு கோடு" அப்படிம்பார். கேட்டா, நிஜ நோயாளி அப்படித்தான் சொல்லுவானாம். "மாத்திரைக்கு ரெண்டு பேரு. கம்பெனி வெச்ச பேரு அட்டையில கொட்டை எழுத்துல இருக்கும். மருந்தோட சொந்தப் பேரு கீழே பொடி எழுத்துல இருக்கும். அந்தப் பொடி எழுத்தைப் படிக்கிறவதான் நர்சு"ன்னு எனக்கே பாடம் எடுப்பார். நான் துணி மடிச்சுக்கிட்டே ம் கொட்டுவேன்.

பாடம்னா சாதாரணப் பாடம் இல்லை. மொத்த மருந்தியலையும் இவர் பஸ்ல ஏத்திட்டார். மருந்து வாய் வழியா ஏறுதாம். கல்லீரல்தான் செக்கிங் இன்ஸ்பெக்டராம், முதல் ஸ்டாப்லயே பாதிப் பேரை இறக்கி விட்டுடுவாராம். ஊசியில போற மருந்துக்கு அந்தத் தொல்லை இல்லை, நேரா ரத்தத்துல ஏறிடுதாம். சிறுநீரகம் இறங்குற படி. உடம்புக்குள்ள மருந்து போய் உக்கார்ற இடத்துக்கு ஏற்பின்னு பேராம், அதுதான் சீட்டு. சில மருந்து இருக்காம், தானும் ஒரு வேலையும் செய்யாது, வேலை செய்யறவனையும் உக்கார விடாது. அதுக்குப் பேரு எதிரி. "பக்கத்து சீட்ல பையை வெச்சுக்கிட்டு வெளியே வேடிக்கை பாப்பான் பாரு ஒருத்தன், அவன்தான்" அப்படின்னார்.

ஒரு பொண்ணு இவர்கிட்ட, "அங்கிள், அரை ஆயுள்னா எனக்குப் புரியவே இல்லை"ன்னு அழுதிருக்கா. "இதுக்கா அழறே? பஸ்ல நாப்பது பேர். நாலு மணி நேரத்துக்கு ஒரு ஸ்டாப். ஒவ்வொரு ஸ்டாப்லயும் இருக்கிறவங்கள்ல பாதிப் பேர் இறங்குறாங்க. நாப்பது இருபதாகும், இருபது பத்தாகும், பத்து அஞ்சாகும். அந்த நாலு மணி நேரம்தான் அரை ஆயுள்" அப்படின்னாராம். அந்தப் பொண்ணு பாஸ் பண்ணிட்டா. நாலு மணி நேரத்துக்கு ஒரு ஸ்டாப்னா அந்த பஸ்ல எவன் ஏறுவான்னு நான் கேட்டேன், மனுஷன் பேப்பரை விரிச்சு முகத்தை மறைச்சுக்கிட்டார்.

அந்த காலேஜ் மேல இவருக்கு அப்படி ஒரு உயிர். காலையில சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு, கல்யாணத்துக்குப் போறவர் மாதிரி கிளம்புவார். இதுல ஒரே ஒரு சட்டம், கேஸ் ஷீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. பரீட்சை நடக்கும்போது வெளியே வந்தா அன்னைக்கோட சரி, மறுபடி கூப்பிட மாட்டாங்க. இவருக்கு முன்னாடி ஒரு தபால்காரர் நோயாளியா இருந்தாராம். திணறிக்கிட்டிருந்த பொண்ணைப் பாத்து மனசு இளகி, விடையை முணுமுணுத்துட்டார். அன்னைக்கே கும்பிடு போட்டு அனுப்பிட்டாங்க. அதைச் சொல்லும்போதெல்லாம் இவர் முகம் வெளுத்துப் போகும்.

இதுக்கு நடுவுல இவருக்கு நிஜமாவே ஒரு வியாதி உண்டு. ரத்த அழுத்தம். மாத்திரை போட்டுக்கிட்டு ஒழுங்காத்தான் இருந்தது. ஏழு மாசமா என்னவோ இறங்க மாட்டேங்குது. டாக்டர் மாத்திரையை ரெண்டு மடங்காக்கினார், அப்பவும் இறங்கலை. "வேற மாத்திரை எதாவது சாப்பிடுறீங்களா?"ன்னு கேட்டார். "இல்லவே இல்லை டாக்டர்"னு இவர் பச்சைக் குழந்தை மாதிரி முழிச்சார். உடனே டாக்டர் கண்ணாடியை இறக்கிக்கிட்டு என்னைப் பாத்தார். "உப்பைக் குறைங்கம்மா."

எனக்கு வந்ததே கோபம்! குறைச்சேன். அப்புறம் பாதியாக்கினேன். அப்புறம் உப்பு டப்பாவையே பரண்ல ஏத்திட்டேன். தனித்தனியா சமைக்க யாரால முடியும், நானும் அதையேதான் சாப்பிட்டேன். ஏழு மாசம் நாக்கு செத்துப் போச்சு. ஒவ்வொரு தடவையும் டாக்டர் அதே பாட்டைத்தான் பாடுவார், நானும் திருடி மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டு வருவேன். இவர் ஒரு வார்த்தை முணுமுணுக்காம சாப்பிடுவார் பாருங்க, அப்பவாவது எனக்கு சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? எவ்வளவு நல்ல மனுஷன்னு நினைச்சு உருகிட்டேன், என் புத்தியை என்ன சொல்ல!

அப்படி இருக்கும்போது காலேஜ்ல பெரிய பரீட்சை வந்தது. அந்தத் தடவை கேஸ்ல நோயாளிகூட ஒரு மனைவியும் வரணுமாம். "வெளியில எதுக்குத் தேடணும், வீட்டுலயே ஒண்ணு இருக்கு"ன்னு இவர் சொல்லிட்டு வந்துட்டார். ஒண்ணாம், ஒண்ணு! திட்டிக்கிட்டே போனேன். மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. என்னை முன்னாடி போகச் சொல்லிட்டு இவர் ரொம்ப நேரம் கழிச்சு வந்தார். வழியில எல்லாரும் வணக்கம் சொன்னாங்களாம், நின்னு பேசிட்டு வந்தாராம்.

கேஸ் இதுதான். ரத்த அழுத்தக்காரர் ஒருத்தர், மாத்திரையோட பக்க விளைவா வறட்டு இருமல் வருது, அதனால அவராவே மாத்திரையை நிறுத்திட்டார். அதைப் பேசிப் பேசி வெளியே கொண்டு வரணும். எனக்கு ஒரே ஒரு வசனம், "ராத்திரியெல்லாம் இருமல்மா, நானும் தூங்குறதில்லை." காலையில இருந்து பதினோரு பேர்கிட்ட பதினோரு தடவை சொன்னேன். இவர் இருமின இருமலைக் கேட்டு எனக்கே தொண்டை வலிச்சது.

பன்னிரண்டாவதா ஒரு பொண்ணு வந்தது. பெரிய கண்ணாடி. பரீட்சை வைக்கிற மருந்தியல் மேடம் பேப்பரைப் புரட்டிட்டு, "மூணாவது தடவை இல்லையா? இதுதான் கடைசி வாய்ப்பு, ஞாபகம் இருக்கட்டும்"னாங்க. பொண்ணு தலையை ஆட்டிச்சு.

நல்லாத்தான் கேட்டுச்சு. இருமலைக் கண்டுபிடிச்சுது, மாத்திரையை நிறுத்தினதைக் கண்டுபிடிச்சுது. அதோட விட்டிருக்கலாம். குனிஞ்சு இவர் காலைப் பாத்துச்சு. செருப்பு வார் பதிஞ்ச தடம் ஆழமா இருந்தது. கணுக்கால் பக்கத்துல விரலால அழுத்தி எடுத்துச்சு. விரல் வெச்ச இடம் பள்ளமாவே நின்னுது.

"அய்யா, கடையில நீங்களா வாங்கி எதாவது வலி மாத்திரை போட்டுக்கிறீங்களா?"

"இல்லம்மா"ன்னார் இவர். கேஸ் ஷீட்ல அப்படித்தான் போட்டிருக்கு. ஆனா கை தானா சட்டைப் பையைத் தொட்டுட்டுக் கீழே வந்தது.

பொண்ணு பேப்பர்ல எழுதினதை எட்டிப் பாத்துட்டு மேடம் புருவத்தைத் தூக்கினாங்க. "கால் வீக்கமா? வலி மாத்திரையா? அவர் இல்லைன்னு சொன்ன பிறகும் எப்படி எழுதுறே? இல்லாததை இருக்குன்னு எழுதுற நர்சை வார்டுக்குள்ள விட முடியுமா? கேஸ் ஷீட்ல வீக்கமே இல்லை."

"கால்ல இருக்கு, மேடம்."

"கேஸ் ஷீட்ல இல்லைங்கறேன்."

"அழுத்திப் பாருங்க மேடம், அமுங்குது." மேடம் சிவப்புப் பேனாவைத் திறந்தாங்க.

நான் இவரைப் பாத்தேன். இவர் அந்தப் பேனாவையே பாத்துக்கிட்டிருந்தார். கழுத்துல நரம்பு ஏறி இறங்குது. வாயைத் திறக்கலைன்னா பொண்ணு போச்சு, திறந்தா இவர் போச்சு. எனக்கு அப்போ ஒண்ணும் புரியலை. இருமப் போறார்னு நினைச்சு என் வசனத்தைத் தயாரா வெச்சிருந்தேன்.

இவர் சட்டைப் பைக்குள்ள கையை விட்டு ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேஜை மேல வெச்சார். பத்துல ஏழு காலி.

"மேடம், இது கேஸ் இல்லை. இது நான். அந்தப் பொண்ணு எழுதினது சரி."

நான் அந்த அட்டையைப் பாத்தேன், இவரைப் பாத்தேன். அப்புறம் நான் பேசினேன். "அடப்பாவி மனுஷா! எத்தனை நாளா? ஏழு மாசமா நான் உப்பில்லாம சமைச்சு, அந்த டாக்டர்கிட்ட பாட்டு வாங்கி, ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருந்தீங்களே! ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் கடை மாத்திரையைப் பத்திக் கேளுன்னு சொல்லிக் கொடுக்கிற வாய்தானே இது?"ன்னு கத்தினேன். மேடம் என் கையைத் தொட்டு, "ரொம்ப இயல்பா இருக்கு, ஆனா உங்களுக்கு ஒரு வசனம்தான்"னாங்க. "இது வசனம் இல்லைம்மா, இது என் வயித்தெரிச்சல்!"

அப்புறம்தான் அவங்களுக்கு உறைச்சது. பேனாவை மூடினாங்க. இவர் காலை அழுத்திப் பாத்தாங்க. ரத்த அழுத்தம் பாக்குற பட்டையை அவங்களே சுத்தினாங்க. நூத்தி எழுபத்தாறுக்கு நூத்தி நாலு. பொண்ணு பக்கம் திரும்பி, "விளக்கிச் சொல்லு"ன்னாங்க.

பொண்ணு அட்டையை எடுத்து, கொட்டை எழுத்தை விட்டுட்டுப் பொடி எழுத்தைப் படிச்சுது. "ஐபுப்ரோஃபென். வலி குறையும். ஆனா தினமும் போட்டா சிறுநீரகம் உப்பையும் தண்ணியையும் வெளியே விடாது. அதனால கால் வீங்கும், அழுத்தம் ஏறும், அழுத்த மாத்திரை வேலை செய்யாது. ரெண்டும் ஒண்ணா ரொம்ப நாள் போனா சிறுநீரகமே கெட்டுப் போகும். இனிமே இதைப் போடாதீங்க அய்யா. டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லி, வலிக்கு வேற வழி கேளுங்க."

அப்போ உப்பு என் சட்டியில இல்லை, இவர் சிறுநீரகத்துல! ஏழு மாசப் பழி அந்த ரெண்டு நிமிஷத்துல கழிஞ்சது. அந்தப் பொண்ணைக் கட்டிப் பிடிக்கணும் போல இருந்தது.

மேடம் பொண்ணோட பேப்பர்ல 'தேர்ச்சி'ன்னு எழுதினாங்க. பொண்ணு அழுதுச்சு. அப்புறம் மேடம் இவர்கிட்ட மெதுவா சொன்னாங்க, "நீங்க செஞ்சது பெரிய விஷயம். ஆனா சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். இனிமே வேற ஆள் பாத்துக்கறோம்."

"புதன்கிழமை ஆஸ்துமா இருக்கே மேடம்..."

"பாத்துக்கறோம்."

வெளியே வந்தோம். என் கிட்ட இன்னும் ஒரு மூட்டை திட்டு பாக்கி இருந்தது. அதனால இந்தத் தடவை நான் பின்னாடி வந்தேன், முன்னாடி போனா திட்ட வசதியில்லை. மூணு படி இறங்கினதும்தான் இவர் காலைப் பாத்தேன். ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு காலைக் கீழே வெச்சு, இன்னொரு காலை அதே படிக்குக் கொண்டு வந்து, பல்லைக் கடிச்சுக்கிட்டு, அடுத்த படிக்கு மூச்சு வாங்குறார். இதை ஏழு மாசமா என் கண்ணுல படாம செஞ்சிருக்கார்.

"ஏங்க என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீ டாக்டர்கிட்ட சொல்லுவே. டாக்டர் மாடி ஏறாதேம்பார். ஏறலைன்னா இங்க எப்படி வர்றது?"

"இங்க அப்படி என்னதான் இருக்கு?"

திரும்பிப் பாக்காமலே சொன்னார். "இங்க என்னை உக்கார வெச்சு, எங்க வலிக்குது, எப்போல இருந்து வலிக்குதுன்னு கேக்குறாங்க."

"கேட்டா பொய்தானே சொல்றீங்க?"

"பொய்தான். ஆனா கேக்குறாங்க இல்லையா."

எனக்குச் சுருக்குன்னுது. கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷத்துல நான் இவர்கிட்ட ஆயிரம் கேள்வி கேட்டிருக்கேன். பால் வாங்கினீங்களா, கதவைப் பூட்டினீங்களா, ஏன் இவ்வளவு நேரம். இந்த ஒரு கேள்வியை நான் கேட்டதே இல்லை. அழுகை வந்துடுச்சு, சத்தியமா.

"எந்த முட்டி?"ன்னு கேட்டேன்.

"ரெண்டும். இடதுதான் கொஞ்சம் ஜாஸ்தி."

"எப்போல இருந்து?"

இவர் என்னை ஒரு மாதிரி பாத்தார். அப்படியே படியில உக்காந்துட்டார். நானும் பக்கத்துல உக்காந்தேன். சொல்ல ஆரம்பிச்சவர் நிறுத்தவே இல்லை, மேலேயிருந்து இறங்கி வந்த பிள்ளைங்க எல்லாம் எங்களைச் சுத்திக்கிட்டுத்தான் போச்சுங்க.