சும்மா வந்த சீடி

போன மாதம் என் கம்பியூட்டர் மறுபடியும் படுத்துவிட்டது. வைரஸ். எத்தனையாவது தடவை என்று மட்டும் கேட்காதீர்கள்!

எங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் குகன் சேரிடம் புலம்பினேன். யாழ்ப்பாணத்துக்காரர். வட்டவளையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்.

"விண்டோசை விட்டிட்டு லினக்ஸுக்கு மாறுங்கோ டீச்சர். இன்டர்நெட்டில கேட்டா வெளிநாட்டில இருந்து தபாலில சீடி அனுப்புவினம்."

"எவ்வளவுங்க சேர்?"

"ஒண்டும் இல்லை. சும்மாதான்."

சும்மாவா? அங்கேதான் இடித்தது. நான் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள். நாங்கள் குடியிருந்த லயத்துக்குக் கூரைத் தகரம் சும்மா வந்தால், பின்னாலேயே ஓட்டுக் கேட்டு ஆள் வரும். முகம் தெரியாத வெள்ளைக்காரனுக்கு என் ஓட்டு எதற்கு?

என் வீட்டுக்காரர் இன்னும் மேலே போனார். "நம்ம கம்பியூட்டர்ல இருக்கிறதெல்லாம் பாக்கத்தான் சும்மா குடுக்குறான். வேணும்னா பாரு." கடைக்காரர் சும்மா போட்டுத் தந்த விண்டோஸ் எங்கிருந்து வந்தது என்று மட்டும் நாங்கள் இருவரும் ஒருநாளும் கேட்டதில்லை...

ஆனாலும் வைரஸ் தொல்லை தாங்காமல் கேட்டு அனுப்பினேன். பாடசாலைக்கும் சேர்த்துப் பத்து சீடி.

போன சனிக்கிழமை பார்சலை எடுக்க நானும் குகன் சேரும் ஹட்டன் தபாலகத்துக்குப் போனோம். திரும்பும் வழியில் செக்பொயின்ட். யுத்த காலம் அல்லவா? பஸ்ஸில் ஏறிய பொலிஸ்காரர் என் பையைத் திறந்தார். வெளிநாட்டு முத்திரை. ஒரே மாதிரிப் பத்து சீடி. பக்கத்தில் குகன் சேர். இருவரையும் இறக்கினார்கள்.

பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார். யார் அனுப்பியது? தெரியாது. எவ்வளவு கொடுத்தாய்? ஒன்றுமில்லை.

"நிக்கங்த?" சும்மாவா என்று கண்ணை இடுக்கினார். "தெரியாத ஆளுக்கு யாராவது சும்மா அனுப்புவார்களா?"

நானும் அதையேதானே கேட்டுக்கொண்டிருந்தேன்!

உங்கள் கம்பியூட்டரிலேயே போட்டுப் பாருங்கள் என்றேன். உள்ளே இருப்பதைத் தொடாமல் சீடியிலிருந்தே ஓடும் என்று குகன் சேர் சொல்லியிருந்தார். அதை நான் முழுதாக நம்பவில்லை. பொலிஸ் கம்பியூட்டர் படுத்துவிட்டால்...? சார்ஜன்ட் ஒரு சீடியைப் போட்டார்.

திரை பழுப்பானது. திடீரென்று மேளம் தட்டியது போல ஒரு சத்தம் — சார்ஜன்ட் பின்னால் துள்ளிவிட்டார். பிறகு அதற்குள் ஒரு சீட்டு விளையாட்டைக் கண்டுபிடித்தார். சிரித்தார். எனக்குப் பிளேன்டீ வந்தது. ஒரு சீடியைத் தனக்கென எடுத்துக்கொண்டு, "டீச்சர் போகலாம்" என்றார்.

குகன் சேர்?

அவரை வேறு அறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பை என்னுடையது. பார்சலில் இருந்தது என் பெயர். ஆனால் அவருடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். மலைநாட்டுக்கு ஏன் வந்தாய், இங்கே யாரைத் தெரியும், ஊருக்குக் கடைசியாக எப்போது போனாய்... கேள்விகள் கதவுக்கு வெளியேயும் கேட்டன.

நான் போகவில்லை. வெளியே கிடந்த வாங்கில் உட்கார்ந்து பாடசாலை அதிபருக்கு போன் பண்ணினேன். அவர் வந்து, இவர் எங்கள் ஆசிரியர்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே விட்டார்கள். வெளியே வந்த குகன் சேரின் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. ஹட்டன் குளிரில்!

மறுநாள் சொன்னபடி வீட்டுக்கு வந்து லினக்ஸைப் போட்டுத் தந்தார். என் வீட்டுக்காரர் திரையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"என்னாலதான் சேர் உங்களுக்கு இவ்வளவு கஷ்டம்" என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"கம்பியூட்டரில எண்டா சிஸ்டத்தை மாத்தலாம் டீச்சர். அடையாள அட்டையில பிறந்த இடத்தை மாத்தேலாதே."