வண்டியின் மூக்கைத் தூக்கிய கதை

போன வருடம், ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த சமயம். கோத்தகிரிப் பக்கம் கட்டபெட்டுக்குக் கீழே, தேயிலைச் சரிவில் இருக்கிற எங்கள் ஊரில் நடந்தது இது.

நான் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கல் சுமந்தேன், கொத்தனார் ஆனேன். எங்கள் பக்கத்துத் தடுப்புச் சுவர்களில் பாதி என் கையால் எழுந்தவை. எத்தனையோ மழை பார்த்தாயிற்று, ஒன்றுகூடச் சரியவில்லை. அப்புறம் பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி, ஊரில் பறிக்கிற பச்சை இலையையெல்லாம் ஃபேக்டரிக்குக் கொண்டுபோகும் தொழிலில் இறங்கினேன். அதிலும் ஜெயித்தேன். வீடு, இரண்டு பெண்களின் கல்யாணம் எல்லாம் அந்த வண்டி ஓடிச் செய்தது.

அந்த வண்டிக்கு வயதாகி, முன்பக்கம் தொங்கிப்போனது. ஊருக்குள் வரும் மண் ரோட்டில் தண்ணீர் போக ஒரு குறுக்கு வாய்க்கால் உண்டு. லோடு ஏற்றினால் வண்டியின் அடிவயிறு அதில் இடித்து நின்றுவிடும். இலை மூட்டையை இறக்கி, வண்டியைத் தாண்ட வைத்து, மறுபடி ஏற்றவேண்டும். இதற்குள் மூட்டைக்குள் இலை சூடேறிச் சிவந்துவிடும். சிவந்த இலையை ஃபேக்டரியில் எடுக்கமாட்டார்கள். இரண்டு தடவை அப்படித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இலை கொடுக்கிறவர்கள் கூடிப் பேசி, திங்கட்கிழமையும் இப்படி ஆனால் மேலூர் ஜீப்காரனிடம் கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். அவன் ஜீப் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. என்னுடையதில் பின் சக்கரம் இரண்டும்தான் இழுக்கும்.

கோத்தகிரி மெக்கானிக் அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, இதை விற்றுவிடச் சொன்னார். என் வீட்டுக்காரியோ, "வண்டிக்கும் மூஞ்சி தொங்கிப்போச்சு, உங்களுக்கும் தொங்கிப்போச்சு. ரெண்டு பேரும் ரெஸ்ட் எடுங்க" என்றாள். எனக்கு வீம்பு ஏறிவிட்டது. திங்கட்கிழமை இலை என் வண்டியில்தான் போகும் என்று சொல்லிவிட்டேன்.

இந்த வண்டிக்கு முன்னால் பாரம் தாங்கும் வில்பட்டை கிடையாது. இரண்டு பக்கமும் நீளமாக ஒவ்வொரு கம்பி இருக்கும். அது முறுக்கிக்கொண்டு நின்றுதான் எடையைத் தாங்கும். வயதானால் முறுக்கு தளரும். கம்பியின் கடைசியில் ஒரு போல்ட் உண்டு, அதை இறுக்கினால் வண்டி எழும்பும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அடியில் படுத்துப் பார்த்துப் பார்த்து நானே தெரிந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலிலேயே ஜாக்கி வைத்துத் தூக்கினேன். துருப்பிடித்த போல்ட்டுக்கு எண்ணெய் விட்டு, ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி, காலால் மிதித்து இறுக்கினேன். கைத்தோல் உரிந்தது. வண்டியை இறக்கி டேப் வைத்து அளந்தால் இடது பக்கம் தாழ்ந்திருந்தது. இடதை இன்னும் இறுக்கினேன். மறுபடி அளந்தேன், மறுபடி இறுக்கினேன். மத்தியானத்துக்குள் இரண்டு பக்கமும் ஒரே அளவு. ஊரே பார்க்கட்டும் என்று ஹாரன் அடித்துக்கொண்டு, வீட்டுக்காரியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வாய்க்காலை வண்டி இடிக்காமல் தாண்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கீழே இறங்கும் கொண்டை ஊசி வளைவில் பிரேக்கை மிதித்தேன். வண்டி வெடுக்கென்று இடது பக்கம் இழுத்தது. இடது பக்கம் பள்ளம். ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தும் கேட்கவில்லை. முன்சக்கரம் ரோட்டை விட்டு இறங்கி, தேயிலைச் செடிகளை நசுக்கிக்கொண்டு ஒரு சில்வர் ஓக் மரத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அந்த மரத்துக்கு அப்பால் ஒன்றுமில்லை, வெறும் பனி. என் கால் பிரேக்கிலிருந்து எடுபடவே இல்லை. வீட்டுக்காரி மெதுவாக இறங்கி, "நா நடந்தே போயிக்கறேனுங்க" என்றாள்.

அந்த நேரம் பார்த்துக் கீழிருந்து வந்தது அதே மேலூர் ஜீப். இவன் சிரித்துவிட்டுப் போவான், நாளைக்கு ஊர் முழுக்கச் சொல்வான் என்று நினைத்தேன். அவன் இறங்கி வந்து கயிறு கட்டி என் வண்டியை ரோட்டுக்கு இழுத்தான். ஈர மண்ணில் மல்லாந்து படுத்து அடியில் பார்த்தான்.

"ஏனுங்ண்ணா, எங்க நிறுத்தி அளந்தீங்க?"

"எங்க ஊட்டு வாசல்லதான்."

"உங்க வாசல்ல ஒரு கோலிக்குண்ட வெச்சா எங்க போயி நிக்குமுங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரி, "மாட்டுக் கொட்டாய்ல" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வாசல் கொட்டாய் இருக்கிற இடது பக்கமாகச் சரிவானது. வண்டியின் பாரமும் அந்தப் பக்கம்தான் சாயும், டேப்பிலும் அந்தப் பக்கம்தான் தாழ்வாகக் காட்டும். அதை நம்பி இடதை அளவுக்கு மேல் இறுக்கியதால், பிரேக் பிடித்ததும் பாரமெல்லாம் அந்தச் சக்கரத்தில் ஏறி வண்டியை அங்கே இழுத்திருக்கிறது. ட்யூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்க்காமல் ஒரு கல் வைக்காதவன் நான். வண்டிக்கு மட்டம் பார்க்கத் தோன்றவில்லை.

ஊரில் சமமான இடம் என்றால் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் சிமென்ட் வாலிபால் மைதானம்தான். ஜீப்காரனும் கூட வர, வண்டியை மெதுவாக அங்கே கொண்டுபோனேன். அங்கே ஆடிக்கொண்டிருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வலையைக் கழற்றினார்கள். அங்கும் ட்யூப் மட்டம் வைத்துப் பார்த்த பிறகே வண்டியை ஏற்றினேன். நின்ற வண்டியைப் பார்த்து எனக்கே திகைப்பு. நொண்டி மாதிரி இடது பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. இடதைத் தளர்த்தி, வலதை இறுக்கி, முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து மறுபடி அளந்து, பொழுது சாய்வதற்குள் நேராக்கினோம்.

கை கழுவும்போது அவனிடம் கேட்டேன். "ஏன் தம்பி, என்ற வண்டி ஓடலீன்னா இந்த ஊர் இலை பூரா உனக்குத்தானே?"

"கெடைக்கட்டுமுங்க. என்ற ஜீப் நல்லாருக்குதுன்னு குடுத்தா வாங்கிக்கறேன். நீங்க பள்ளத்துல கெடந்து எனக்குக் கெடைக்க வேண்டாம்."

திங்கட்கிழமை இலை என் வண்டியில்தான் போனது. ஒரு இலைகூடச் சிவக்கவில்லை. இன்றைக்கும் அவனும் நானும் போட்டிக்காரர்கள்தான். இலைக்கு ஆள் பிடிப்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை, அவனும் விடுவதில்லை. ஆனால் அந்த வளைவில் எதிரே அவன் ஜீப் ஏறி வந்தால், என் வண்டியில் எவ்வளவு லோடு இருந்தாலும் ஓரம் கட்டி நிறுத்தி, அவன் போன பிறகுதான் நான் இறங்குகிறேன்.