டிஷ்யூ பாக்கெட் வைத்த இடம்

சிங்கப்பூரின் செங்காங்கில் இருக்கும் ரூபி அக்காவுக்கு வாரநாளில் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக்கடை மாடியறையில் பதினொரு பழைய கணினிகளைக் கட்டி மேய்க்கிறார். துவாஸ் தொழிலாளர் விடுதிகளிலிருந்து வரும் அண்ணன்மார் வேலையிடப் பாதுகாப்புத் தேர்வுக்கு அங்கேதான் பழகுகிறார்கள். எல்லாவற்றிலும் இலவச இயங்குதளமான லினக்ஸ். நான் அக்காவுக்கு எடுபிடி.

புதுப் பயிற்சி நிரல் ஒன்று வந்தது. பைத்தான் மொழியில் எழுதியது. அதற்குத் தேவையான துணை நிரல் லினக்ஸின் நிரல் களஞ்சியத்தில் இல்லை.

“பைத்தானுக்குன்னே பிப்னு ஒரு கருவி ரெண்டு நிமிஷத்துல இறக்கிடுமாமே? போடு லா,” என்றார் அறைக்குப் பொறுப்பான இயேசுதாசன் சார்.

“பிப் எதை எங்க வெக்குதுன்னு லினக்ஸுக்குத் தெரியாது சார்,” என்றார் அக்கா. “ ரெண்டு பேரும் ஒரே சீட்டுக்கு அடிச்சுக்குவாங்க. நான் லினக்ஸ் கணக்கு வெச்சுக்கிற பேக்கேஜாவே கட்டித் தர்றேன். மூணு வாரம்.”

“மூணு வாரமா! அதுக்குள்ள முடியலன்னா, எல்லாத்தையும் பழைய சாமானுக்குப் போட்டுட்டு டேப்லட் எடுத்துடுவேன்.”

“முடிப்பேன் சார்.”

பிப் கண்ட இடத்தில் உட்காரக்கூடாது என்று பைத்தானின் கோப்புறையில் லினக்ஸ் ஒரு குட்டிக் கோப்பை வைத்திருக்கிறது. சாப்பாட்டுக் கடை மேசையில் நாம் டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடிக்கிறோமே, அது மாதிரி. பக்கத்துத் தேக்கா மார்க்கெட்டில் அந்தப் பாக்கெட்டுகளை மேசை மாற்றி வைப்பது என் பொழுதுபோக்கு. இதை மட்டும் விடுவேனா? அக்கா நம்பிக் கொடுத்த கடவுச்சொல்லைப் போட்டு, நாலாம் கணினியில் அந்தக் கோப்பை அழித்தேன், பிப்பை ஓட்டினேன். பயிற்சி நிரல் ஜோராக ஓடியது. யார் போட்டது என்று கேட்காமலே சார் கைதட்டினார். அக்கா தட்டவில்லை.

மூன்றாம் ஞாயிறு, தேர்வுக்குப் பழக வந்த கதிரேசன் அண்ணன் நாலாம் கணினியில் உட்கார்ந்தார். கேள்விகளைத் தமிழில் வாசித்துக் காட்டும் நிரல் அவருக்கு வேண்டும். அது திறக்கவே இல்லை. அது நம்பியிருந்த வேறொரு துணை நிரலின் பழைய பதிப்பை, பிப் கொண்டுவந்த புதுப் பதிப்பு மறைத்துக்கொண்டிருந்தது.

“இதான் உன் லினக்ஸா? நாளைக்கே லாரி வரச் சொல்றேன்,” என்றார் சார்.

அக்கா திரையில் பழைய கட்டளைகளைப் படித்தார். என்னை ஒருமுறை பார்த்தார். 

“பத்து மெஷின் நல்லா இருக்கு. படுத்தது நீங்க கைதட்டின மெஷின் மட்டும்தான் சார். லாரி வந்தா என்னையும் சேத்து ஏத்துங்க.”

பிப் வைத்ததையெல்லாம் எடுத்தார். குட்டிக் கோப்பைத் திரும்ப வைத்தார். பிறகு தான் கட்டிய பேக்கேஜை ஒவ்வொரு கணினியிலும் ஒரே வரிக் கட்டளையில் ஏற்றினார். கதிரேசன் அண்ணன் ஹெட்ஃபோனை மாட்டி, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

“நாலாம் நம்பரை யாரு கெடுத்தது?” என்றார் சார்.

“யாரோ சீட்டு மாறி உக்காந்துட்டாங்க சார். எழுப்பிட்டேன்.”

“நான்தான் சார்,” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

லாரி வரவில்லை. அன்று கிளம்பும்போது அக்கா நாலாம் கணினியின் மேல் நிஜமாகவே ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார்.

தேக்காவில் நான் இன்னும் பாக்கெட்டுகளை மாற்றி வைக்கிறேன். அக்கா வைத்த அந்தப் பாக்கெட்டை மட்டும் தொட்டதில்லை.