தேவன் அண்ணைக்குச் செல்லாத ஐந்து மணி நேரம்

நெற்றியில் ஒட்டிக்கிடக்கும் பிளாஸ்டிக்கின் வியர்வை நாற்றம்... வெளியே எதுவும் தெரியாதபடி தலையில் மாட்டும் மறைப்பு அது. கருவிகளை மட்டும் பார்த்து விமானம் ஓட்டப் பழகுவதற்காக.

2000-களின் நடுவில் எனக்கு ஜெர்மனியின் வால்டோர்ஃபில் மென்பொருள் வேலை. கையில் அமெரிக்க பைலட் லைசென்ஸ். சனிக்கிழமைகளில், அமெரிக்கப் பதிவுள்ள ஒரு சின்ன வாடகை விமானம்.

மறைப்பு போட்டால், பக்கத்தில் இன்னொரு பைலட் உட்கார்ந்து வானத்தைப் பார்க்க வேண்டும். 'சேஃப்டி பைலட்' என்பார்கள். எனக்கு அது தேவன் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், மன்ஹைமில் பஸ் ஓட்டுநர். அவரிடம் இருந்தது ஜெர்மன் லைசென்ஸ்.

ஒருநாள் திடீரென்று, "தம்பி, கையை எடும்!" என்று கத்தினார். விமானம் இடப்பக்கம் சரிந்தது. மறைப்பைக் கழற்றிப் பார்த்தால்... வலப்பக்கம் ஒரு கிளைடர், எஞ்சின் இல்லாத விமானம். ஓட்டியவரின் வெள்ளைத் தொப்பி தெரியும் தூரத்தில்.

மறைப்பை மறுபடி போடாமலே இறங்கினேன்.

அந்த வருடம் அவர் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் பறந்திருக்க வேண்டும். என்னோடு வந்த ஐந்து மணி நேரத்தையும் சேர்த்துத்தான் பன்னிரண்டு. "பறந்த நேரத்தை ரெண்டு பேரும் கணக்குல எழுதலாம்ணே, அமெரிக்க ரூல்ல இருக்கு" என்று சொன்னவன் நான்தான்.

லைசென்ஸ் அலுவலகத்துக்கு அவரோடு நானும் போனேன்.

"இந்த விமானத்துக்கு ஒரு பைலட் போதும். இவர் பயணி" என்றார் அதிகாரி.

அமெரிக்க விதியைப் பிரித்துக் காட்டினேன்.

"இது ஜெர்மனி."

அண்ணையின் பறப்புப் பதிவேட்டில், ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில், அந்த ஐந்து மணி நேரத்துக்கான ஐந்து வரிகளையும் அடித்தார். வெளியே ஒன்றும் பார்க்காமல் ஓட்டிய எனக்கு அந்த நேரம் செல்லுமாம். கண்ணைத் திறந்து வைத்திருந்தவருக்குச் செல்லாதாம்!

வெளியே வந்ததும் அண்ணை கேட்டார்: "நான் பயணி எண்டால், அண்டைக்குக் கிளைடரைக் கண்டது ஆர்?"

லைசென்ஸ் காலாவதியானது. மறுபடி தேர்வுக்கு மூன்று மாதம் காத்திருந்தார். முதல் தடவையிலேயே பாஸ்.

அடுத்த சனிக்கிழமை வந்து நின்றார். "ஸாரிண்ணே, என்னாலதான்..." என்று தொடங்கினேன்.

"ஓம் ஓம், மறைப்பைப் போடும். நேரம் போகுது."

இப்போது பறந்த நேரப் பதிவெல்லாம் போனில். என்னோடு வருகிறவர்கள் கதவைச் சாத்துவதற்கு முன்பே, "ஹவர்ஸ் யாருக்கு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்... ஆனாலும் எரிச்சல் வருகிறது.

தேவன் அண்ணை, அந்தச் சிவப்புக் கோடுகளுக்குப் பிறகும், ஒருநாள்கூட அதைக் கேட்டதில்லை. ஏறி உட்கார்ந்ததும் வெளியே பார்க்கத் தொடங்கிவிடுவார்.