ஏற்றும்போது எடுத்த அளவு

அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. ஒரு காலத்தில் பிடித்தது. அவர் கல்மண்டபம், நான் ராயபுரம், கூப்பிடு தூரம். வாய்நிறைய அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

திருவொற்றியூரில் எங்கள் இருவருக்கும் ஒரே அலுவலகம். வடக்கே மலைப்பகுதியில் தோண்டும் வெந்நீர்க் கிணறுகளில் எந்த ஆழத்தில் பாறை வெடித்திருக்கிறது, எங்கே நீர் ஓடுகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது வேலை. கிணற்றுக்குள் குளிர்ந்த நீரை விட்டு நிறுத்துவோம். பாறை மறுபடி சூடேறும். நீரைக் குடித்த வெடிப்பு மட்டும் சில்லென்றே கிடக்கும். வெப்பமானியை வடத்தில் கட்டி மெதுவாக இறக்கினால் அந்த இடம் தெரிந்துவிடும். ஆனால் இறக்கும்போதே அளந்துவிட வேண்டும். ஏற்றும்போது அளந்தால், ஏற்கெனவே கருவியும் வடமும் நீரைக் கலக்கியிருக்கும்.

அண்ணன் எண்ணெய்க் கிணறுகளில் பழகியவர். அங்கே பெரும்பாலும் மேலே இழுத்துக்கொண்டேதான் அளப்பார்கள். அதே பழக்கத்தில் இங்கேயும் சரசரவென்று இறக்கி, ஏற்றும்போது அளந்தார். அந்த அளவுகளை வைத்து வரைபடத்தில் கோடு போட்டது நான். அவர் சொன்ன ஆழத்தில் சொட்டு வெந்நீர்கூட வரவில்லை. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் என்னைக் கைகாட்டினார். "தங்கச்சிதான் கோட்ட தப்பா போட்டுச்சு சார்."

கிணற்று வேலையிலிருந்து என்னைத் தூக்கி எண்ணூர் கிடங்கில் வடம் கழுவப் போட்டார்கள். படித்த படிப்புக்கு அது! அங்கே அனல்மின் நிலையத்துச் சாம்பல் காற்றில் நின்றுகொண்டு, நாசமாய்ப் போக என்று தினமும் வாய்விட்டே திட்டினேன்.

போன மாதம் அடுத்த கிணற்றின் அளவுகள் வந்தன. வரைபடம் போட ஆளில்லாமல் என்னைக் கூப்பிட்டார்கள். 'இறங்கும்போது எடுத்தது' என்று தலைப்பில் இருந்தது. பக்கத்திலேயே வடம் தாங்கும் பாரத்தைக் காட்டும் கோடு. இறங்கும்போது பாரம் குறையும், இழுக்கும்போது கூடும். கோடு கூடியே நின்றது. திருந்தவே இல்லை மனுஷன். அவரிடம் சொல்லியிருக்கலாம். எங்களுக்கு வேலை கொடுத்த கிணற்றுக்காரர்கள் கூட்டத்துக்கு வரும்வரை காத்திருந்தேன்.

"இது எறங்கும்போது எடுத்ததாண்ணே?"

"ஆமா, பின்ன இன்னா?"

"அப்ப ஏன் பாரம் இவ்ளோ கீது?"

கிணற்றுக்காரர்களில் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோட்டைப் பார்த்தார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. ஆஹா, என்ன சுகம்! மறுபடி அளக்க என்னை அனுப்புவதென்று அங்கேயே முடிவானது.

படிக்கட்டில் என்னை மடக்கினார். "தனியா கூப்ட்டு சொல்லியிருக்கலாம்ல தங்கச்சி? என் மானமே பூடுச்சு."

"அன்னிக்கு என்னிய தனியா கூப்ட்டாண்ணே சொன்ன?"

வழியை மறித்துக்கொண்டே நின்றார்.

"தள்ளுண்ணே, கெணத்துக்குப் போவணும். வூட்ல போயி துணி எடுத்து வைக்கணும்."