கோப்பியின் தகப்பன்

நாய்க்குட்டியின் மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் நெங்கா விர்த்தா. ஸ்கூட்டர் வாசலில் ஓடியபடியே நின்று தடதடக்கிறது. அணைத்தால் மறுபடி கிளம்பாது என்பது ஒரு காரணம். அணைக்கிற அளவுக்கு அவர் எங்கேயும் நின்றதில்லை என்பது இன்னொரு காரணம். உதடு கறுப்பு. ஈறு கறுப்பு. காதைப் புரட்டுகிறார். வாலைப் பிடித்து நுனியை வெயிலுக்குக் காட்டுகிறார். நாலு பாதங்களையும் சந்தையில் கோழி வாங்குகிறவர் மாதிரித் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார். வீட்டுக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு தூணோடு தூணாக நிற்கிறாள்.

கடைசியில், மூக்கின் எந்த அறையிலிருந்தோ அந்தக் குரல் இறங்கி வருகிறது. "நல்ல குட்டிம்மா. வயிறு சுத்தம். நெஞ்சு சுத்தம். எல்லாம் சரி..." ஓர் இழுப்பு. நாக்கில் ஒரு சொடுக்கு. "ஒண்ணு இருக்கு."

பின்னங்கால் விரலிடுக்கில் ஒற்றை வெள்ளை மயிர். வீட்டுக்காரிக்கு மூச்சு திரும்புகிறது. காப்பி கலக்கட்டுமா என்று கேட்கிறாள். அதற்குள் ஸ்கூட்டர் அடுத்த வாசலுக்குப் போயிருக்கிறது.

பங்லிக்கு மேலே, ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற எங்கள் பஞ்சாரில், அதாவது ஊர்ப்பிரிவில், விர்த்தாவுக்கு இதுதான் பொறுப்பு. மண் சரிந்தாலோ ஊரில் அடுத்தடுத்துச் சாவு விழுந்தாலோ பூமிக்குப் பசி என்று அர்த்தம். சாரு, அதாவது பூமிக்கான பலி, இட வேண்டும். சிறியதென்றால் கோழியோடு போகும். பெரிய சாரு என்றால் வாத்து, ஆடு என்று வரிசை நீளும். திசைக்கு ஒரு நிறம். தென்மேற்கு மூலைக்கு நாய். அதுவும் எந்த நாயும் இல்லை. உடம்பு முழுக்கச் செம்பழுப்பு, வாய் மட்டும் அடுப்புக்கரியில் முக்கி எடுத்தது போல. வெள்ளை மயிர் கூடாது, காது கிழிந்திருக்கக் கூடாது, நொண்டக் கூடாது. கோயில் பூசாரியான மங்குவுக்குக் கண்புரை. "விர்த்தா பாத்துட்டானா? அப்பச் சரி" என்று வெற்றிலை எச்சிலுக்கு நடுவே கொழகொழவென்று சொல்லிவிட்டு மந்திரத்துக்குப் போய்விடுவார்.

நாய் பார்த்துப் பார்த்து அந்தக் கண் எல்லாவற்றின் மேலும் மேய ஆரம்பித்துவிட்டது. விருந்தில் லாவார் என்கிற கறிக்கலவையை ஒரு கை அள்ளி வாயில் போட்டால், "தேங்கா நல்லாருக்கு, மசாலா நல்லாருக்கு... ஒண்ணு இருக்கு." புதுக் கூரை போட்டவன் அவரை எதிரில் பார்த்தால் சந்துக்குள் திரும்பிவிடுவான். ஒரு கல்யாணத்தில், "மாப்பிள்ளை தங்கமான பையன்... ஒண்ணு இருக்கு" என்று இழுத்தார். பெண்ணின் தாய் அழ ஆரம்பித்து, நாலு பேர் தண்ணீர் தெளித்து, விசாரித்தால், பையன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறான். அவ்வளவுதான். அவர் மனைவி லூ சார்னி அகப்பையோடு எதிரில் நின்று, "என் கொழம்புல என்ன இருக்கு, சொல்லு பாப்போம்" என்பாள். அவர் நின்றபடியே தின்று, நின்றபடியே கை கழுவி, வாசல் தாண்டின பிறகுதான் நாக்கைச் சொடுக்குவார்.

பெட்டிக்கடை இளவட்டங்களில் அந்தக் குரலைப் போட்டுக் காட்டாதவன் கிடையாது. மூக்கை இரண்டு விரலால் இடுக்கிக்கொண்டு "ஒண்ணுங்ங் இருக்கு" என்றால் கடையே சிரிக்கும். ஒருநாள் கெடே ஆர்சா இப்படிப் போட்டுக்கொண்டிருக்கும்போது விர்த்தா பின்னால் நின்று முழுசாகக் கேட்டார். "நல்லாத்தான்டா பண்றே. இழுப்பு சரி, சொடுக்கு சரி." கெடேவுக்கு முகம் வெளுத்தது. "ஒண்ணு இருக்கு. மூக்கு பத்தல."

நிலையாக உட்கார்ந்து அவரை யாரும் பார்த்ததில்லை. பஞ்சார் கூட்டத்தில் எல்லோரும் பாய் விரித்துச் சம்மணம் போட்டிருக்க, அவர் மண்டபத் தூண்களைச் சுற்றிச் சுற்றி வருவார். கோயிலில் தீர்த்தம் வாங்கக் கட்டாயம் உட்கார வேண்டும். அப்போது முழங்கால் தனியாகத் துள்ளும். "தூக்கத்துலகூடக் கிக்கர் ஒதைக்கிறாரு, என் காலுதான் கிக்கரு" என்பது சார்னியின் வாக்குமூலம்.

ஊர் நாய்களுக்கு அவரைத் தெரியும். அவர் வருவதற்கு முன்பே குரைப்பு வாசல் வாசலாகத் தாவி வரும். குரைப்பு எந்த வீடு வரை வந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டே பெண்கள் செம்பழுப்புக் குட்டிகளை நெற்பெட்டிக்குள்ளும் கோழிக்கூடைக்குள்ளும் போட்டு மூடுவார்கள். ஒருத்தி பாதத்தில் சுண்ணாம்பு தடவி வைத்திருந்தாள். விர்த்தா எச்சில் தொட்டு ஒரே துடைப்பு. "மழைக்கு நிக்காதும்மா இது."

"பாவம்ணே, குட்டி."

"பாவமா? சாருவுக்குப் போனா அடுத்த பிறவி மனுசப் பிறவிம்மா."

"மனுசனாப் பொறந்து? பஞ்சார் கூட்டத்துக்கு வரணும், திருவிழாவுக்குப் பன்னி வெட்டணும், உங்க மூஞ்சியப் பாக்கணும். அது நாயாவே இருந்துட்டுப் போகட்டும்ணே!"

குட்டி போனது. விர்த்தா நம்பித்தான் சொன்னார், நம்பித்தான் கொண்டுபோனார். அதில் சந்தேகம் வேண்டாம். கயிற்றைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போக மாட்டார். தோளில் தூக்கிக்கொண்டுதான் போவார்.

இனி கோப்பி. மூன்று மழைக்காலம் முன்பு பாலத்தடியில் சேற்று உருண்டையாகக் கிடந்தது. சாம்பல் நிறக் குட்டி என்று நினைத்துத்தான் எடுத்து வந்தார். சார்னி குளிப்பாட்டினாள். சேறு போகப் போகச் செம்பழுப்பு வந்தது. முகத்தைக் கழுவினாள், கறுப்பு மட்டும் போகவில்லை. அவள் அவரைப் பார்த்தாள். அவர் ஸ்கூட்டரைப் பார்த்தார். அன்று முதல் ஊரிலுள்ள அத்தனை நாயின் உதட்டையும் தூக்கிப் பார்த்தவர் இந்த ஒன்றின் உதட்டை மட்டும் தூக்கியதில்லை.

இங்கே முதல் பிள்ளை பிறந்தால் தகப்பன் பெயர் போய்விடும். பிள்ளை பெயருக்கு முன்னால் 'பான்' போட்டுத்தான் ஊர் கூப்பிடும். சுத்ரியின் தகப்பன் பான் சுத்ரி. விர்த்தாவுக்கும் சார்னிக்கும் பிள்ளை இல்லை. ஐம்பது தாண்டியும் அவர் வெறும் விர்த்தா. ஸ்கூட்டரில் இரண்டு கால்களுக்கு நடுவே கோப்பி நின்றுகொண்டு, காது காற்றில் பறக்க, ராஜபார்வை பார்த்துக்கொண்டு வந்ததைக் கண்ட கெடேதான் முதலில் கத்தினான்: "ஏய், பான் கோப்பி வராருடா!" அன்று விர்த்தா செருப்பைக் கழற்றினார். அடுத்த வாரம் முறைத்தார். அதற்கடுத்த கூட்டத்தில் கிளியான், அதாவது பஞ்சார் தலைவர், பழைய பஸ் டிரைவர், மேட்டில் முதல் கியரில் ஏறுகிற குரலில், "பா...ன் கோப்பி வந்தாச்சா?" என்று கேட்டபோது தூணுக்குப் பின்னாலிருந்து "ஆங்" என்று பதில் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

இந்த வருசம் மழை கொட்டி, மேட்டுச் சரிவு இறங்கி, ஊர் ஊற்றை மூடிவிட்டது. தோண்டித் தோண்டிப் பார்த்தும் ஈரம்தான் வந்தது, தண்ணீர் வரவில்லை. மங்கு பெரிய சாரு என்றார். விர்த்தா மலை மலையாக அலைந்தார். ஒன்றுக்கு வால்நுனி வெள்ளை. ஒன்று நொண்டி. ஒன்றின் காதைப் பன்றி கடித்திருந்தது. சாருவுக்கு இடையில் ஒரே ஒரு நாள் மிச்சமிருக்கும்போது மண்டபத்தில் கூட்டம். ஒரு பக்கம் ஆண்கள் பந்தல் மூங்கில் சீவுகிறார்கள், மறுபக்கம் பெண்கள் தென்னங்குருத்தில் படையல் தட்டு தைக்கிறார்கள். விர்த்தா தூண்களைச் சுற்றுகிறார்.

"எல்லாத்தையும் பாத்தாச்சா?" என்றார் கிளியான்.

"பாத்தாச்சு."

எல்லாக் கண்ணும் வாசலில் நின்ற ஸ்கூட்டருக்குப் போனது. கோப்பி கால் வைக்கும் இடத்தில் சுருண்டு, யார் வீட்டுப் படையல் சோற்றையோ தின்ற வாயை நக்கிக்கொண்டிருந்தது.

விர்த்தா சுற்றுவது நின்றது.

"தம்...பி," கிளியானின் குரல் மேடு ஏறியது. "நாங்க கேக்கலப்பா. நீயே பாரு. நீ ஒண்ணு இருக்குன்னா இருக்கு. இல்லேன்னா இல்ல. எதிர்க்கேள்வி கெடையாது."

இதைவிடப் பெரிய கதவை ஒருவருக்கு யாரும் திறந்துவிட முடியாது. ஒரு சொடுக்கு போதும். கெடே அவர் காதோரம் வந்து, இந்த முறை மூக்கை இடுக்காமல், தன் சொந்தக் குரலில் சொன்னான்: "சொல்லிடுண்ணே. எவன் வந்து மயிர எண்ணப் போறான்? தர்மவங்சாவே நாய விட்டுட்டுச் சொர்க்கத்துக்குள்ள வரமாட்டேன்னு வாசல்ல நின்னாரு."

"அவரு நின்னது சொர்க்கத்து வாசல்லடா. அங்க தண்ணிப் பஞ்சமில்ல" என்றார் விர்த்தா.

போய் உட்கார்ந்தார். ஆமாம், உட்கார்ந்தார். கோப்பி விளையாட்டு என்று நினைத்து மல்லாந்து படுத்தது. மேலுதட்டைத் தூக்கினார். காதுகளைப் புரட்டினார். விரலிடுக்கு ஒவ்வொன்றையும் பிரித்தார். வாலைத் தூக்கி வெயிலுக்குக் காட்டினார். வழக்கமாக ஒரு நாய்க்கு ஆகிற நேரத்தில் இந்த நாயின் ஒரு கால்கூட முடியவில்லை. முழங்கால் துள்ளவில்லை. மூங்கில் சீவுகிற சத்தம் ஒவ்வொன்றாக அடங்கிப்போனது.

"சுத்தம்" என்றார்.

பெண்கள் பக்கத்தில் குருத்து வெட்டுகிற கத்தி தரையில் விழுந்தது. "யோவ்!" என்றாள் சார்னி.

விர்த்தா எழுந்தார். நாக்கு சொடுக்கியது, அவரே எதிர்பார்க்காத மாதிரி. "ஒண்ணு இருக்கு."

"எங்கப்பா?" கிளியான் குனிந்து நாயைப் பார்த்தார்.

"நாயில இல்ல. பலின்னா மனசாரக் குடுக்கணும்ல? மங்குதானே சொல்லுவாரு. குடுக்கிறவன்கிட்ட இருக்கு. தேடிப் பாத்துட்டேன். மயிரா இருந்தா புடுங்கிடலாம்."

எல்லோரும் மங்குவைப் பார்த்தார்கள். மங்கு வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். துப்பினார். "அவன் சொல்றது சரிதான். மனசில்லாம வச்சா பூமி வாயில வாங்காது." மறுபடி மென்றார். "ஆனா எனக்கு நாள மறுநா காலையில நாய் வேணும்."

மண்டபம் சிரித்தது. மூச்சு விட ஒரு சாக்கு கிடைத்த சிரிப்பு. அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத்தான் கெடே கேட்டான், கிண்டலாகத்தான் கேட்டான்: "ஏண்ணே, இத்தன வருசமா நாய் தூக்கினியே, ஒரு வீட்டுலயாவது கேட்டிருக்கியா, மனசாரத்தான் குடுக்கறீங்களான்னு?"

விர்த்தா சார்னியிடம் கோப்பியைக் காட்டிக் கையசைத்தார். அவள் வந்து அதைத் தூக்கிக்கொண்டாள். கோப்பி வந்த பிறகு முதல் முறையாக ஸ்கூட்டரில் தனியாகப் போனார்.

ஊர்க்கோடியில் லூ மிர்த்தி வீடு. அங்கே குரைப்பு எழும்புமுன்பே அவள் வாசலுக்கு வந்துவிட்டாள். மண்டபத்துச் செய்தி ஸ்கூட்டரைவிட வேகமாக ஓடியிருந்தது. அவள் கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் வளர்ந்த குட்டி ஒன்று. செம்பழுப்பு. கரி வாய். அதன் முதுகில் கோழிச்சிறகு ஒட்டியிருந்தது. இத்தனை நாளும் எந்தக் கூடைக்குள் இருந்தது என்று கேட்கவே வேண்டாம்.

"உங்க கோப்பியக் கேட்டாங்களாமே அண்ணே. எனக்கு மனசு கேக்கல. நான்தான் ஒளிச்சு வச்சிருந்தேன். இத எடுத்துக்கிட்டுப் போங்க." அவர் வாய் திறக்குமுன் அவளே சேர்த்தாள்: "மனசாரத்தான் குடுக்கறேன்."

உள்ளேயிருந்து அவள் புருசன் குரல்: "குடுத்தாச்சா? ஊருக்குத் தண்ணி வரணும்டி!"

விர்த்தா குனியவில்லை. உதட்டைத் தூக்கவில்லை, வாலைப் பிடிக்கவில்லை. குட்டி அவர் முழங்காலை முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மியது. அவர் மிர்த்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார், ஒரு குட்டியின் மோவாயை அங்குலம் அங்குலமாகப் பார்க்கிற அதே பார்வையோடு. அவள் சிரித்தாள். சிரிப்பு சரியாகத்தான் இருந்தது. கண் சரியாகத்தான் இருந்தது. கயிற்றை நீட்டினாள். அவர் பிடித்தார். அவர் இழுத்த பிறகும் அவள் விரல்கள் கயிற்றை விடவில்லை.

மெதுவாக, ஒவ்வொரு விரலாகப் பிரித்துக் கயிற்றை வாங்கினார். இரண்டு எட்டு நடந்து, அவள் வாசல் கொய்யாமரத்திலேயே குட்டியைக் கட்டினார். இழுத்துப் பார்த்தார். இன்னொரு முடிச்சும் போட்டுவிட்டு, வந்தது போலவே தனியாக ஸ்கூட்டரில் ஏறினார்.