பதினெட்டு அங்குல ரிம்மும் ஐந்து மூட்டை அரிசியும்

என் காரில் இரண்டே இருக்கைகள். ஒன்றில் நான் உட்காருவேன். இன்னொன்றில் இதுவரை உட்கார்ந்தவர்களில் வாய் திறக்காமல், குறை சொல்லாமல் வந்தது ஐம்பது கிலோ அரிசி மட்டும்தான்.

ஐம்பத்திரண்டு வயதில், இடுப்பு வலி நிரந்தரமான பிறகு, கூரை திறக்கும் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினேன். அதில் ஏறுவது சுலபம், விழுந்தால் போதும். இறங்கத்தான் யாராவது கை கொடுக்க வேண்டும். அதோடு நிறுத்தியிருக்கலாம். பதினேழு அங்குல ரிம்மில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பக்கவாட்டில் நின்று பார்த்தால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி. வளர்ந்த பையனுக்குப் போன வருஷத்துக் கால்சட்டையை மாட்டிவிட்ட மாதிரி இருந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை.

பூச்சோங்கில் டயர் கடை வைத்திருப்பவர் என்னைவிட இளையவர், பொறுமைசாலி. காரைச் சுற்றி வந்து பார்த்தார்.

“பதினெட்டு ரிம்முன்னா 225, 35 போடுங்கண்ணே. மொத்த உயரம் பழைய டயர் மாதிரியே இருக்கும். எங்கயும் இடிக்காது லா.”

225 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 35 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச் சுவர் என்பது. மனக்கணக்குப் போட்டேன். ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே எட்டு சென்டிமீட்டர் ரப்பர்கூட இல்லை. அப்பளத்தைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதா? மழைக்குப் பிறகு நம் ரோடுகளில் தண்ணீர் நிற்கும் குழிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

“நாப்பது போடுங்க தம்பி. பக்கச் சுவர் ஒரு சென்டி கூட இருக்கும், தைரியமா இருக்கும்.”

“நாப்பதுன்னா டயர் மொத்தமா ரெண்டு சென்டி பெருசாயிடும்ணே. இந்த ரிம்மு பழசவிட வெளியவும் தள்ளி நிக்குது. மட்கார்டுல உரசும்.”

“மட்கார்டு குழியில விழாது தம்பி. டயர்தான் விழும்.”

இதற்குப் பதில் சொல்ல அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்து அன்றைக்குப் பெருமைப்பட்டேன். பதில் சொல்லிப் பயனில்லை என்று அவர் நினைத்திருக்கிறார். நாற்பதையே மாட்டிவிட்டார். நான் மட்டும் உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டினேன். சத்தமே இல்லை. அவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றால் உடனே போய் வாங்கிவருவேன்.

தரையில் படுத்துக்கொண்டு பதினோரு போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸாப்பில் போட்டேன். அரை மணி நேரத்தில் அக்கா மகள் கூப்பிட்டாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

“மாமா, கல்யாணத்தன்னைக்கு நான் உங்க கார்லதான் வருவேன். அம்மாகிட்ட சொல்லிட்டேன்.”

அக்கா வீடு பிரிக்பீல்ட்ஸில். தாலி கட்டுவது கிள்ளானில் ஒரு கோயிலில். பெண்ணைக் கோயிலுக்குக் கூட்டிப்போவது எங்கள் வீட்டில் தாய்மாமன் வேலை. “தேர் மாதிரி கொண்டாந்து எறக்குறேன் பாரு” என்றேன். வாய் சும்மா இருக்குமா?

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு, சுபாங் ஜெயாவில் நாங்கள் குடியிருக்கும் தாமானுக்குப் பக்கத்துப் பாசாருக்கு, காய்கறி வாங்க, மனைவியை அந்தக் காரில் அழைத்துப் போனேன். புது டயரில் பக்கத்து இருக்கையில் ஓர் ஆள் உட்கார்ந்தது அன்றுதான் முதல் முறை. வேகத்தடையில் ஏறி இறங்கியதும் இடது பின்பக்கம், ‘கர்ர்ர்’.

“ரோடு சரியில்ல” என்றேன்.

“என் சீட்டுக்குக் கீழ மட்டுமா ரோடு சரியில்ல?” என்றாள்.

வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தேன். டயரின் ஓரத்தில் சுற்றிலும் ரப்பர் சீவியெடுத்த மாதிரி ஒரு கோடு. மட்கார்டின் உள்விளிம்பு பளபளவென்று மின்னியது. அந்த நிமிடத்திலிருந்து எனக்கு ஒரே காட்சிதான். ஃபெடரல் ஹைவேயில், பட்டுப்புடவையும் மாலையுமாக என் அக்கா மகள், பக்கத்தில் லோரி, ‘டமார்’ என்று ஒரு சத்தம். சோறு இறங்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

ஒருவேளை மனைவியின் எடைதான் பிரச்சினையோ? இதை அவளிடம் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அக்காவுக்குப் போன் போட்டேன்.

“அக்கா, பொண்ணு எத்தன கிலோ இருப்பா?”

“ஏண்டா, கல்யாணப் பொண்ணோட எடைய எதுக்குடா கேக்குற?”

“சும்மாதான். நகை, பொடவை எல்லாம் சேத்து எவ்வளவு வரும்?”

“தூக்கிட்டு நடக்கப் போறியா? போன வை!”

கல்யாணத்துக்கு முதல் நாள் வீட்டுச் சாப்பாட்டுக்காக அக்கா வாங்கிய அரிசி என் வீட்டில் இருந்தது. பத்து கிலோ மூட்டைகள் ஐந்து. பெண்ணுக்குப் பதிலாக அவற்றைப் பக்கத்து இருக்கையில் அடுக்கினேன். எச்சரிக்கை மணி விடாமல் அடித்ததால் பெல்ட்டும் போட்டுவிட்டேன். தாமானில் இருக்கும் மூன்று வேகத்தடைகளையும் தாண்டினேன். முதலாவதில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒன்றுமில்லை. ‘தாயே’ என்றேன். மூன்றாவதில் ‘கர்ர்ர்’.

திரும்பி வந்தபோது மனைவி வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

“யாருங்க அது, பெல்ட்டெல்லாம் போட்டு?”

“அரிசி.”

அரிசியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாமே புரிந்துவிட்டது. “அப்போ அன்னைக்கு நான் மூட்டையா?” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

டயர் கடைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் சொல்லியிருந்த 35 கையிருப்பில் இல்லை, வர ஒரு வாரம் ஆகும். மட்கார்டின் விளிம்பை உள்ளே மடக்கலாம், ஆனால் பெயின்ட் வெடித்தாலும் வெடிக்கும். கல்யாணமோ ஞாயிற்றுக்கிழமை. ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று அவர் சொல்வார் எனக் காத்திருந்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“பழைய செட்டு இருக்குல்லண்ணே? அதப் போட்டுட்டு நிம்மதியாப் போங்க.”

இருந்தது. வாசலில் இரண்டிரண்டாக அடுக்கி, மேலே மனைவி கறிவேப்பிலைத் தொட்டி வைத்திருந்தாள். தொட்டியை இறக்கி, மண்ணைக் கழுவி, சனிக்கிழமை காலையில் பூச்சோங் போய் மாட்டிக்கொண்டு வந்தேன். மூன்று விரல் இடைவெளியும் கூடவே திரும்பி வந்தது. உயிர் கொஞ்சம் வந்தது, மானம் கொஞ்சம் போனது. பதினோரு போட்டோ இன்னும் வாட்ஸாப்பில் இருக்கிறதே.

ஞாயிறு காலை பிரிக்பீல்ட்ஸில் காரை நிறுத்தியதும் அக்கா வீட்டுக்காரர் முதலில் சக்கரத்தைத்தான் பார்த்தார்.

“என்னா மச்சான், போட்டோவுல பெரிய ரிம்மு இருந்துச்சு?”

“அது விசேஷத்துக்கு மட்டும் போடுறது மாமா.”

“இன்னைக்கு என்னா, கருமாதியா?”

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. பெண்ணை உட்காரவைத்துப் புடவையை உள்ளே சேர்க்க மூன்று பேர் வேண்டியிருந்தது. கதவு மூடியதும் கிளம்பினேன்.

ஃபெடரல் ஹைவேயில் ஏறியும் என் காது இடது பின்பக்கத்திலேயே இருந்தது. எதுவும் கேட்கவில்லை. கேட்காததும் பயமாக இருந்தது. அதற்கு மேல் அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். 35, 40, இரண்டு சென்டி, அரிசி மூட்டை, கறிவேப்பிலை. “உனக்குப் பிடிச்ச ரிம்முல கூட்டிட்டு வர முடியல, கோவிச்சுக்காத” என்றேன்.

“எந்த ரிம்மு?” என்றாள்.

“போட்டோ பாத்துட்டுத்தானே இந்தக் கார் வேணும்னு கேட்ட?”

“ஐயோ மாமா, நான் சக்கரத்தையா பாத்தேன்? ரெண்டே சீட்டு இருக்குறதப் பாத்தேன். அம்மா, பெரியம்மா, அத்தை யாருமே கூட ஏற முடியாதுல்ல? ஒரு வாரமா ஆளாளுக்குப் பேசிக்கிட்டே இருக்காங்க. எனக்கு ஒரே பயமா இருக்கு மாமா. கோயில் வரைக்கும் கொஞ்சம் சும்மா உக்காந்து வரலாம்னுதான்.”

அப்போதுதான் அவள் கைகளைப் பார்த்தேன். மருதாணிக் கைகள் மடியில் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன. ஐந்து மூட்டை அரிசியில் அவள் எடையைச் சரிபார்த்தவன், அவளுக்கும் பயம் இருக்கும் என்று ஒரு தரம்கூட நினைத்துப் பார்க்கவில்லை.

பேசாமல் ஓட்டினேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என் மனைவியைக் கேட்டால் சொல்வாள். என் போன் அடித்தது. அக்கா.

“எடுக்காதீங்க மாமா” என்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

கிள்ளானில் கோயிலுக்குத் திரும்பும் தெருமுனையில் ஒரு வேகத்தடை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, மிக மெதுவாக ஏறி இறங்கினேன். சத்தமில்லை. நேரம் இருக்கிறதா என்று பார்த்தேன், கோயிலில் வரச் சொன்ன நேரத்துக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

“இன்னொரு சுத்து போவமா?” என்றேன்.

தலையாட்டினாள். கோயிலைத் தாண்டிப் போனோம்.